தகடூர்த் துப்பாக்கி இலக்கணம்

பாயிரம்

எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைச் சொல்லாமல் நூல் தொடங்கலாகாது என்பது நன்னூலார் வழி. தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். இந்நூலின் எல்லை: வடக்கே கிருஷ்ணகிரி, கிழக்கே திருவண்ணாமலை, தெற்கே சேலம், மேற்கே காவிரி. நுதலிய பொருள்: கௌபாய் பாணியில் குறிபார்த்துச் சுட ஆசைப்படும் தருமபுரிக்காரர் நகல் ரிவால்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. கேட்போர்: பிள்ளைக்கு என்று சொல்லித் தமக்கு வாங்கிக்கொள்ளும் அப்பாக்கள், அது தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைகள். பயன்: காசு மிச்சம், வழக்கு இன்மை.

தருமபுரிக்கும் கௌபாய்க்கும் என்ன உறவு என்று வினவுவோர்க்கு விடை: மாடு. இவ்வட்டாரத்து நடுகற்களைப் பார்க்க. தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போய்ப் பட்டவன் வில்லும் வாளுமாக நிற்பான். பிறர் மாட்டை ஓட்டிப்போவது வெட்சி, ஓட்டிப்போனதை மீட்பது கரந்தை என்று இரண்டுக்கும் பூச்சூடி இலக்கணமும் எழுதி வைத்த மரபு இது. டெக்சாஸுக்குப் பெயர் வைக்கும் முன்பே நம்மிடம் மாடு இருந்தது, ஆள் இருந்தான், பகை இருந்தது. ரிவால்வர் ஒன்றுதான் குறை.

இயல் 1: முதல் துப்பாக்கி

நூல்கள் முதல், வழி, சார்பு என மூன்றாகும். துப்பாக்கிகளும் அவ்வாறே என்க.

முதல் துப்பாக்கியாவது, அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. ‘பீஸ்மேக்கர்’ என்பது அதன் பட்டப்பெயர். அமைதி தருவது எதுவென்பதில் அமெரிக்கர் கருத்து வேறு, நம் கருத்து வேறு. அது இங்கே ஆராய்ச்சிக்குரியதன்று. இதன் சிறப்பிலக்கணம் ஒன்றே. ஒவ்வொரு சூட்டுக்கும் குதிரை எனப்படும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசை அதை விடுவிக்குமே தவிர, தானாகத் தூக்காது. தூக்குவதையும் விசையே செய்தால் அது டபுள் ஆக்‌ஷன், வேறு சாதி.

அறை ஆறு, போடும் தோட்டா ஐந்து. காலி அறை மேல் குதிரை படிந்திருந்தால்தான் துப்பாக்கி தவறி விழும்போது உடையவன் கால் தப்பும். குழல் நீளம் நாலேமுக்கால், ஐந்தரை, ஏழரை அங்குலம் என மூன்று. ஏழரையை இடுப்பில் கட்டிக்கொள்ள நம்மூரார் ஒருப்படார். ஏற்கெனவே நடப்பது போதும் என்பர்.

இயல் 2: வழித் துப்பாக்கி

முதல் துப்பாக்கியின் அச்சு மாறாமல் செய்து, மெய்யான தோட்டாவும் சுடுவது வழித் துப்பாக்கி. இதன் விளைநிலம் இத்தாலி. பிரெஷியா அருகே கார்டோனே வால் ட்ரோம்பியா என்னும் ஊரில் 1959இல் தொடங்கிய உபெர்டி, அதே வட்டாரத்துப் பியெட்டா ஆகிய பட்டறைகளே இதில் பேர்பெற்றவை. 1993இல் அமெரிக்காவில் வந்த ரூகர் வாக்கேரோ இதன் கிளை. முகம் பழசு, குடல் புதுசு. கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி உள்ளே ஒரு தடுப்பு உண்டு.

இவற்றை வாங்குவோர் எங்கே சுடுவர்? அமெரிக்காவில் இதற்கென 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்று ஒரு சங்கம் கண்டார்கள். உறுப்பினர் புனைபெயர் சூட்டிக்கொள்வர், பழங்கால உடுப்பு மாட்டுவர், இரும்புத் தகட்டை ‘டிங்’ என்று அடிப்பர். அங்கே தேர்வு விதி மூன்று: பிடி கைக்கு அடங்க வேண்டும், தோட்டாவின் உதை குறைவாக இருக்க வேண்டும், கட்டைவிரல் நோகாமல் குதிரை எழ வேண்டும்.

இனித் தடை. வழித் துப்பாக்கி நகலேயாயினும் சட்டத்தின் கண்ணுக்கு அசல். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் சாதாரண உரிமதாரர் வைத்துக்கொள்ளக்கூடியவை இரண்டே. கௌபாய்ப் போட்டிக்கோ ரிவால்வர் இரண்டு, ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று, ஆக நான்கு வேண்டும். நாலில் இரண்டு போனால் மிச்சம் இரண்டு. எனவே இந்தியாவில் சட்டத்துக்கு உட்பட்டு அரைக் கௌபாய் மட்டுமே சாத்தியம் என்பது துணிபு.

இயல் 3: சார்புத் துப்பாக்கி

தோற்றத்தில் ஒத்து, தோட்டாவில் ஒவ்வாதது சார்புத் துப்பாக்கி. தருமபுரியில் தீபாவளிக்கு முந்தைய வாரம் தெருவெல்லாம் கிடைப்பது இது.

ஒன்றைக் கவனிக்க. கௌபாயை உலகுக்குப் பரப்பியதில் இத்தாலிக்குப் பெரும் பங்குண்டு. காமிக்ஸ் கௌபாய் டெக்ஸ் வில்லர் 1948இல் பிறந்தது அங்கே, 1964 முதல் கௌபாய்ப் படமெடுத்த செர்ஜியோ லியோனியும் அந்நாட்டவரே. நமக்குப் பரப்பியது சிவகாசி. டெக்ஸ் வில்லரைத் தமிழில் பேசவைத்த லயன் காமிக்ஸ் அங்கிருந்து வந்தது, துப்பாக்கிக்குக் கேப்பும் அங்கிருந்தே வந்தது. இடையில் இயக்குநர் கர்ணன் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று 1972இல் ஜெய்சங்கரைக் குதிரையேற்றிவிட்டார். மற்றதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

சார்பு நால்வகைப்படும்.

பொட்டு வகை: தகரத்தாலானது. குதிரையைக் கையால் இழுத்து, பொட்டு ஒன்றை வைத்து, விசையை அழுத்த வேண்டும். ஒரு பொட்டு, ஒரு வெடி.

சுருள் வகை: சிவப்புக் காகிதச் சுருள் உள்ளே ஓடும். விசையை இழுக்க இழுக்கக் குதிரை தானே ஏறி இறங்கும். மூன்று வெடிக்கும், நான்காவது நழுவும். மிஞ்சிய சுருளைத் தரையில் வைத்துக் கல்லால் அடித்துத் தீர்ப்பது உலக வழக்கு.

ரிங் வகை: எட்டுக் கேப் கொண்ட பிளாஸ்டிக் வளையம் சுழலும். உருவத்தில் கோல்ட்டுக்கு மிக அணுக்கமானது இதுவே. எண்ணிக்கையில் அசலை விட இரண்டு கூடுதல்.

பலூன் வகை: ரிவால்வரன்று, காற்றுத் துப்பாக்கி. ஆயினும் இலக்கு என ஒன்றுடையது இது மட்டுமே ஆதலின் விலக்கலாகாது. ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு, தீர்த்தமலை மாசிமகம் போன்ற கூட்டங்கள் இதற்குக் களம். 20 ஜூல் ஆற்றலுக்கும் 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டா. கடைக்காரர் குறிமுனையை வளைத்து வைத்திருக்கிறார் என்பது தொன்றுதொட்ட குற்றச்சாட்டு. பரிகாரம் எளிது. முதல் குண்டு எங்கே பட்டது என்று பார்த்து, விலகிய அளவுக்கு எதிர்ப்பக்கம் குறிவைக்க.

காலமும் சொல்லப்படும். உச்ச நீதிமன்றம் 2018இல் தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம் வகுத்தது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 எனப் பிரித்தது. கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிகளைத் தடுத்த 1992 அறிவிக்கை, தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்கும் விலக்கு அளித்தது. சட்டமே குனிந்து பிள்ளைக்கு வழிவிட்ட இடம் இது.

இயல் 4: தேர்வு

ஆயுதத்தை மதிப்பிட இம்மண்ணில் முன்னரே ஓர் அளவுகோல் உண்டு. தகடூர் அதியமானின் தூதாகப் போன ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன்னுடையவை பீலி சூட்டி, நெய் பூசி, பத்திரமாக இருக்கின்றன. எங்களவனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. மினுக்குவது தொண்டைமான் வகை, முறிவது அதியமான் வகை.

கண்ணாடிப் பெட்டியில் பட்டுத்துணி மேல் கிடக்கும் இத்தாலிய நகல் தொண்டைமான் வகை என்க. தீபாவளி மாலைக்குள் ஸ்பிரிங் தெறித்துப்போன தகரத் துப்பாக்கி அதியமான் வகை. சுருளும் ரிங்கும் விசையாலேயே குதிரையைத் தூக்குவன ஆதலின் டபுள் ஆக்‌ஷன். முதல் இயலிலேயே தள்ளுண்டன. கையால் குதிரையிழுத்துச் சுடும் பொட்டு வகையே சிங்கிள் ஆக்‌ஷன் என்னும் இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவது. விலை குறைந்தது, மரபு வழுவாதது, முறிவதில் ஐயமில்லாதது.

புறனடை

நாட்டுத் துப்பாக்கி இந்நூலின் எல்லைக்குள் கிடந்தும் இதன் பொருளன்று. காட்டோரத்துப் பழைய குழல்களை ஒப்படைக்கச் சொல்லி அதிகாரிகள் அவ்வப்போது கேட்டவண்ணம் இருக்கிறார்கள். சந்தனக் கடத்தல் வீரப்பன் கதை 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே முடிந்ததும் இம்மாவட்டத்தில்தான். மெய்த் துப்பாக்கி என்ன செய்யும் என்பதை இங்குள்ளோர் போதுமான அளவு பார்த்தாயிற்று. அதை விளையாட்டுக்காக இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

ஆகவே பொட்டுத் துப்பாக்கியே வாங்குக. கேப்பை மொத்தமாகச் சட்டைப்பையில் போடற்க, உரசினால் பற்றும். காதருகே வெடிக்கற்க. பேருந்து நிலையத்திலும் வங்கி வாசலிலும் விளையாட்டுக்கும் நீட்டற்க, எதிரே நிற்பவர் இந்நூலைப் படித்திருக்க மாட்டார். கேப் மட்டும் இரண்டு பாக்கெட் சேர்த்து வாங்குக: துப்பாக்கி முறியும் முன் கேப் தீர்வது தகடூர் வீரத்துக்கு இழுக்கு.