ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மலாக்கா ஆற்றுக்கு நல்ல காலம். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்த நகரத்துக்குப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. கரையில் சிமெண்டு ஏறியது, சுவரில் ஓவியம் ஏறியது, மரத்தில் கலர் விளக்கு ஏறியது. முகத்துவாரத்தில் மடை வைத்து, கடல் வற்றினாலும் ஆறு வற்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சேறு தெரிந்தால் சுற்றுப்பயணி முகம் சுளித்துவிடுவாரே! படகில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கம்போங் மோர்தெனைப் பார்த்துவிட்டு வரலாம். 2010-இல் ஆற்றோரமாக மோனோரெயில்கூட விட்டார்கள். விட்ட சூட்டிலேயே அது படுத்துக்கொண்டது. மழை ஒத்துக்கொள்ளாதாம். மலேசியாவில், ஆற்றங்கரையில், மழைக்கு ஆகாத வண்டி! யாருடைய கருத்தைக் கேட்டு வாங்கினார்களோ, அவருக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும்.

சங்கடம் என்னவென்றால், படகு திரும்புகிற இடத்தில் ஆறு முடிந்துவிடுவதில்லை. நெகிரி செம்பிலான் பக்கமிருந்து அலோர் காஜா வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வருகிறது. அதில் வந்து விழும் ஓடைகளின் கரையில்தான் நம் தோட்டங்கள் இருந்தன. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது என்று பள்ளிப் புத்தகத்தில் வரும். பின்னால் தோட்டம் தோட்டமாகக் காடு அழித்து மேடு சரித்த கைகள் எவருடையவை என்பது அவ்வளவாக வராது. ஆலைக்கு மேல்புறம் நாம் குளித்தோம், துவைத்தோம், திருவிழாவுக்குக் கரகம் ஜோடித்தோம். ஆலைக்குக் கீழ்ப்புறம் ஓடை புளித்த பால் நாற்றத்தோடு ஓடியது. ரப்பர் ஆலைக் கழிவுக்கென்று தனி விதிமுறை வந்ததே 1978-இல்தான். அதுவரை அந்த நாற்றத்துக்கு எவரும் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கவில்லை.

அப்புறம் தோட்டம் விலைபோய்த் தாமான் குடியிருப்பு ஆனது. கூரையும் தார் ரோடும் மழையைக் குடிக்காது. பெய்ததெல்லாம் லோங்காங் சாக்கடை வழியாக ஒரே மூச்சில் ஓடையில் போய் விழுகிறது. விழுந்த வேகத்தில் கரையின் அடிமண்ணைக் குடைகிறது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டின் பின்வேலி இப்போது அந்தரத்தில் நிற்கிறது. கம்பத்தின் அடிச் சிமெண்டுக் கட்டி, பிடுங்கிய கடைவாய்ப்பல் மாதிரி வெளியே தொங்குகிறது. துணி காயப்போடும் கம்பி மட்டும் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த அரிப்பைச் சீர்செய்யத்தான் 'மக்கள் பங்கேற்பு'க் கூட்டம். கூடாரம், பேனர், நாசி லெமாக் பொட்டலம். மக்கள் பிரதிநிதி வை.பி. ஒன்றேகால் மணி நேரம் தாமதம், வந்ததும் போட்டோ. திரையில் ஓடையின் படம் வந்தது: இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவில் நீலத் தண்ணீர், கரையில் சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரர். எங்களிடம் கொடுத்த படிவத்தில் இருந்த கனமான கேள்வி, கைப்பிடிக் கம்பிக்குப் பச்சை அடிக்கலாமா, மஞ்சள் அடிக்கலாமா என்பது.

பால்வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி எழுந்தார். "சுவரு கட்டுனா தண்ணி இன்னும் வேகமாத்தானே போவும்? கீழ இருக்கிறவன் வூட்டத் தின்னாதா? முன்னெல்லாம் அங்க மூங்கி இருந்திச்சி, கரை நின்னிச்சி."

"நல்ல கருத்து பாட்டி, குறிச்சிக்கிறோம்" என்றார் அதிகாரி. அவர் கையில் பேனா இல்லை.

பாட்டி சொன்னதைத்தான் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கையேடும் சொல்கிறது. 2000-இல் வெளியிட்டு 2012-இல் புதுப்பித்திருக்கிறார்கள்: மழையை விழுந்த இடத்திலேயே தேக்கு, மெதுவாக விடு. அதே இலாகாவின் இன்னொரு வழிகாட்டியின்படி, 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கும் இரு கரையிலும் 5 மீட்டர் நிலம் விட வேண்டும். 5 முதல் 10 மீட்டர் அகலமென்றால் 10 மீட்டர். அளக்கிறார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. கரையில் முனியாண்டி கோயில் இருந்தால் அங்குலம் பிசகாமல் அளக்கிறார்கள், அது அத்துமீறல். கடைக்காரரின் கார் நிறுத்துமிடம் வந்தால் நாடா சுருண்டுகொள்கிறது; அது மேம்பாடு.

ஓடைக்கும் ஒருமுறை மவுசு வந்தது. 1991-இல் டுரியான் துங்கால் அணை வறண்டு, மாநிலமே வாளி தூக்கியது. அந்தச் சில மாதங்கள் மட்டும் ஓடை 'நீர்வளம்' என்று மரியாதையாக அழைக்கப்பட்டது. மழை வந்தது, மறுபடியும் லோங்காங் ஆகிவிட்டது.

கூட்டம் முடியும் முன் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்துதான் நாளைக்கு 'மக்கள் ஒப்புதல்' என்று அறிக்கையில் ஏறும். நாசி லெமாக் தின்றவனெல்லாம் சுவருக்குச் சம்மதித்தவன். படிவத்தின் கடைசியில், நிகழ்ச்சி திருப்தியா என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தது. பாட்டி தாளைத் திருப்பி என்னிடம் நீட்டி, "எழுதுய்யா" என்றார். எழுதினேன்: சுவருக்கு டெண்டர் கையெழுத்தான தேதி என்ன? எங்களைக் கூப்பிட்ட தேதிக்கு முன்னாலா, பின்னாலா? எழுத்தில் பதில் வேண்டும். கீழே பாட்டி கைநாட்டு வைத்தார்.