ஆழ்மனத்துக்குக் குறுக்குவழி

ஆழ்மன உளவியலைப் போதித்தவர்களின் பூர்வீகத்தைக் கிளறினால், நேர்வழியில் வந்து சேர்ந்தவர்கள் குறைவு. பிராய்ட் 1876இல் திரியெஸ்தே நகரில் சுமார் 400 விலாங்கு மீன்களை அறுத்து, அவற்றின் விந்தகத்தைத் தேடியவர். ஒட்டோ ராங்க் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர். எரிக் எரிக்சன் ஊர்சுற்றி ஓவியர்; பட்டமே இல்லாமல் ஹார்வர்டில் பேராசிரியரானார். நம் நாட்டில் சிற்றூழியர் வேலைக்கே ஓ.எல். சான்றிதழும் கிராம சேவகர் கடிதமும் வேண்டும்.

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் இந்த ஆழ்மனத் துறைக்கு, குறி சொல்லும் கோடாங்கிதான் பேராசிரியர். விடியப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, ரப்பர் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவார். ராத்திரி உடுக்கையைத் தட்டினால் மருமகளின் வாயால் செத்த மாமியார் பேசுவார். மகனின் குடி, அடகுபோன தோடு, எஸ்டேட் கடைக் கடன், எல்லாம் அவிழும். உயிரோடிருக்கும் புருஷன் கைகட்டிக் கேட்பான். பகலில் அதே பெண் இதில் பாதி சொன்னாலும் அறை விழும். கட்டணம் ஒரு சேவல், ஒரு போத்தல் சாராயம். வியன்னாவில் வருடக்கணக்காகப் பிராய்டின் மஞ்சத்தில் படுத்துக் காசு கொடுத்தவர்கள் பாவம்.

இன்னோர் ஆழ்மன உளவியலாளரான யுங் 1938இல் இலங்கைக்கு வந்து கண்டி தலதா மாளிகையைப் பார்த்தார். பக்கத்து மாவட்டத்துத் தோட்ட லயத்துக்கு அவரை யார் கூட்டிப்போயிருப்பார்கள்? வெள்ளைக்காரத் துரைமாருக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று அப்போதே ஒரு பட்டியல் இருந்திருக்கும்.