த்ரீ நாட் த்ரீ அண்ணாச்சி

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நிற்கிற கூட்டம் முழுக்க ஆண்டாளைப் பார்க்கும். ஓர் ஆள் மட்டும் பந்தோபஸ்துக்கு வந்த ஆயுதப்படைக்காரரின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வடம் அசைந்து எல்லோரும் "கோவிந்தா" என்று கை தூக்கும் நேரத்தில், இவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, துப்பாக்கியில் மரக்கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தை நோக்கிக் குனிவார். அங்கேதான் எழுத்து இருக்கும். மேலே கிரீடம், அதற்குக் கீழே ராஜாவின் முத்திரை எழுத்து ஜி.ஆர்.ஐ., அதற்கும் கீழே இஷாப்பூர் என்ற ஆலைப்பெயர், ஆண்டு, ரகம்.

"என்ன அண்ணாச்சி, என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல தம்பி. பிறந்த வருஷம் பாத்தேன்."

"எனக்கா?"

"துப்பாக்கிக்கு."

இப்படி ஓர் ஆள் ராஜபாளையத்திலும் உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். நூற்பாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவராக இருப்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒரு பூதக்கண்ணாடி. "எனக்குப் பழைய மிலிட்டரி துப்பாக்கியில ஆராய்ச்சி" என்று அவர் அறிமுகம் செய்துகொண்டதும் எதிரில் இருப்பவர் ஓரடி பின்வாங்குவார். பயப்படத் தேவையில்லை. அண்ணாச்சி வீட்டில் உள்ள ஒரே துப்பாக்கி, பேரனுக்குத் தீபாவளிக்கு வாங்கிய ரோல் கேப் துப்பாக்கி. அதில் நம்பர் போடாமல் விட்டது ஒன்றுதான் அவருக்கு மனக்குறை.

அவர் சேர்ப்பது எண்களை. எந்த ஆலை, எந்த ஆண்டு, எத்தனை துப்பாக்கி செய்தது என்று கண்டுபிடிப்பதே அவர் பிறவி எடுத்ததன் நோக்கம். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வந்தபோது ஊரே பெருமைப்பட்டது. அண்ணாச்சி தபாலாபீசுக்குப் போய், "இதுல எத்தனை அடிச்சாங்க?" என்று கேட்டார். பால்கோவா டப்பா கைக்கு வந்தால் முதலில் பேட்ச் நம்பரைப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.

துப்பாக்கியையே வாங்கிச் சேர்க்கலாமே என்றால் சட்டம் விடாது. த்ரீ நாட் த்ரீ என்கிற இந்த லீ-என்ஃபீல்டு ரைபிள் .303 ராணுவத் தோட்டா போடுகிற ரகம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி பொதுமக்களுக்குத் தடை. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தத் தடை வந்துவிட்டது. அதனால்தான் இஷாப்பூர் ஆலை பொதுமக்களுக்கென்று .315 என்று வேறொரு துளையில், உடம்பு மட்டும் அதே லீ-என்ஃபீல்டு ஜாடையில், ஒரு ரைபிளைச் செய்து விற்றது. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது. இரண்டை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்வது? ஆகவே அண்ணாச்சி ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.

சுட்ட அனுபவமும் பெரிதாகக் கிடையாது. கல்லூரியில் என்.சி.சி. முகாமில் .22 ரைபிளில் ஐந்து தோட்டா கொடுத்தார்கள். ஐந்தையும் சுட்டார். அவருடைய அட்டையில் ஓட்டை இல்லை. பக்கத்தில் படுத்துச் சுட்ட பையன் மட்டும் ஐந்து தோட்டாவில் எட்டு ஓட்டை போட்டதாகப் பாராட்டு வாங்கினான். அண்ணாச்சிக்கு அதில் வருத்தமே இல்லை. அந்த ரைபிளின் நம்பர் இன்றைக்கும் நாக்கு நுனியில் இருக்கிறது. வீட்டு மின் இணைப்பு எண்ணைக் கேட்டால் மட்டும் வீட்டம்மாவைக் கூப்பிடுவார். "ஏங்க, முப்பது வருசமா அதே நம்பர்தாங்க" என்பது அந்த அம்மாளின் நிரந்தரப் பதில்.

விஷயம் அற்பமானது அல்ல. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்கிற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட திட்டத்திலிருந்து பிறந்த லீ-என்ஃபீல்டு குடும்பத்தில், உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் என்ஃபீல்டு, பர்மிங்ஹாம், ஆஸ்திரேலியாவில் லித்கோ, கனடாவில் லாங் பிராஞ்ச் ஆலைகள் செய்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் சாவேஜ் கம்பெனிகூட பிரிட்டனுக்காகச் செய்து, 'அமெரிக்கச் சொத்து' என்று முத்திரை குத்தி அனுப்பியது. இந்தியாவில் கல்கத்தா பக்கத்து இஷாப்பூர். 1904இல் எழுந்த ஆலை, இரண்டு உலகப் போருக்கும் துப்பாக்கி கொடுத்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே பழைய வடிவத்தில் 7.62 துளை வைத்து 2ஏ என்றும், குறிபார்க்கும் தூர அளவை 2,000இலிருந்து 800ஆகக் குறைத்து 2ஏ1 என்றும் செய்தது. மொத்தத்தில் இஷாப்பூரின் பங்கு எவ்வளவு? ஆண்டுவாரியாக எத்தனை? இந்தக் கேள்விதான் அண்ணாச்சியின் தூக்கத்தைக் கெடுத்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உரிய இடத்துக்குப் பத்து ரூபாயோடு மனுப் போட்டுப் பார்த்தார். நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, பிரிவு 8(1)(ஏ)யின்படி தருவதற்கில்லை என்று பதில் வந்தது. 1943இல் எத்தனை ரைபிள் செய்தார்கள் என்பது இன்று யாருக்குத் தெரிந்தால் என்ன ஆபத்து என்று எனக்கும் புரியவில்லை. அண்ணாச்சி கோபப்படவில்லை. கடிதத்தின் மேல்மூலையில் இருந்த கோப்பு எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார்.

மேலிடம் சொல்லாவிட்டால் எண்ணே சொல்லும் என்பது அவர் சித்தாந்தம். இதற்கு அவர் காட்டும் சாட்சி இரண்டாம் உலகப் போர். ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கு செய்கிறது என்று தெரியாமல் நேசநாடுகள் தவித்தன. 1942 ஆகஸ்டு மாதக் கணக்கை ஒற்றர்கள் 1,550 என்றார்கள். பிடிபட்ட டாங்குகளின் பாகங்களில் இருந்த வரிசை எண்ணை மட்டும் பார்த்த புள்ளியியல்காரர்கள் 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மன்காரனின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் 342. சூத்திரம் சுலபம். பார்த்ததில் பெரிய எண்ணை எடு. எத்தனை பார்த்தாயோ அந்த எண்ணிக்கையால் அதை வகு. வந்ததை அந்தப் பெரிய எண்ணோடு கூட்டி, ஒன்றைக் கழி. ஐந்து துப்பாக்கி பார்த்து, பெரிய எண் 9,000 என்றால் மொத்தம் சுமார் 10,799.

இந்தச் சூத்திரம் கைக்கு வந்தபிறகு அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட ஊர் யோசிக்க ஆரம்பித்தது. இப்போதெல்லாம் மொய்க்குக் கம்ப்யூட்டர் ரசீது கொடுக்கிறார்களே, அதில் வரிசை எண் இருக்கிறது. பந்தியில் பக்கத்து இலை ஐந்து பேரின் ரசீதை வாங்கிப் பார்த்து, ரசம் வருவதற்குள் கணக்கை முடித்து, "இதுவரைக்கும் 412 மொய்" என்று சத்தமாகச் சொன்னார். மொய் மேசையில் இருந்த எண்ணிக்கை 405. பெண்ணின் சித்தப்பா பாயசத்தைத் தாண்டி ஓடிவந்து, "அண்ணாச்சி, நீங்க இன்கம்டாக்ஸா?" என்று கேட்டார்.

ஆனால் எதற்காக அந்தச் சூத்திரத்தைக் கற்றாரோ அங்கே அது காலை வாரியது. ரைபிள்காரர்கள் ஒன்று, இரண்டு என்று கோடி வரைக்கும் எண்ணிக்கொண்டு போவதில்லை. ஓர் எழுத்து, அதன் பின்னால் நாலு இலக்கம். பத்தாயிரம் ஆனதும் அடுத்த எழுத்து. போதாக்குறைக்குப் பழையதை ஆலைக்குத் திரும்ப அனுப்பி, முழுக்கப் பழுதுபார்த்து, மேலே இன்னொரு ஆண்டைப் பொறிப்பார்கள். இதெல்லாம் பரவாயில்லை, .410 மஸ்கட்டுதான் அவரை உட்காரவைத்துவிட்டது. இந்தியப் போலீஸ் கையில் ராணுவத் தோட்டா போகிற துப்பாக்கியைக் கொடுக்க வெள்ளைக்காரனுக்கு மனம் வரவில்லை. அதனால் .303 ரைபிள்களின் குழலை உள்வரி இல்லாமல் மழமழவென்று மாற்றி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா என்று ஆக்கிக் காவலுக்குக் கொடுத்தான். பார்வைக்கு த்ரீ நாட் த்ரீ, வேலைக்கு மஸ்கட்டு. நம்பிக்கையில்லாத முதலாளி இதைவிடக் கச்சிதமாகத் தன்னைக் காட்டிக்கொள்ள முடியாது. அண்ணாச்சியின் கவலை வேறு: ரைபிளாக ஒரு தடவை, மஸ்கட்டாக ஒரு தடவை என்று ஒரே இரும்பை இரண்டு முறை எண்ணிவிட்டால் இஷாப்பூரின் உற்பத்தி பொய்யாக ஏறிவிடுமே!

அடுத்தது பொருத்தம். உடம்பில் உள்ள எண்ணும் போல்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். பத்துத் துப்பாக்கியை வரிசையாகப் பிரித்து எண்ணெய் போட்டுத் துடைக்கிற இடத்தில், இதன் போல்டு அதற்குப் போய்விடுவது சகஜம். ஜாதகக் கட்டைப் பார்க்கிற ஜோசியர் மாதிரி அண்ணாச்சி இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "ஏட்டையா, இது ரெண்டாந்தாரம்." ஏட்டையா தன் வீட்டு விவகாரம் எப்படி வெளியே போனது என்று திகைப்பார்.

அவருக்கு ஆண்டில் ஒரு திருநாள் ஆயுத பூஜை. ஸ்டேஷனில் துப்பாக்கிகளைத் துடைத்து, வரிசையாகச் சாத்தி, பூப்போட்டு, பொரிகடலை வைத்துக் கும்பிடுவார்கள். சுண்டல் வாங்குகிற சாக்கில் அண்ணாச்சி உள்ளே போய்விடுவார். சோதனை என்னவென்றால், பக்தியுள்ள காவலர் சந்தனம் வைக்கிற இடமும் நம்பர் இருக்கிற இடமும் ஒன்றே. விரலை மெல்ல நீட்டுவார். "அண்ணாச்சி, பொட்டை அழிக்காதீங்க. ஐயா வந்துட்டாரு."

அப்படி ஒரு பொட்டில்தான் பெரும்பகை முளைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே வியாதி பிடித்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். இருவரும் ஒன்றாகப் போய்ப் பார்த்த ரைபிளில் 194 வரைக்கும் தெளிவு. கடைசி இலக்கத்தின் பாதி சந்தனத்துக்கு அடியில். ராஜபாளையம் 3 என்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் 8 என்றது. 1943 என்றால் உலகப் போரில் பிறந்தது, 1948 என்றால் சுதந்திர இந்தியாவில் பிறந்தது. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. ஒரே பஸ்ஸில் போனாலும் ஒருவர் டிரைவர் பக்கம், ஒருவர் கடைசி சீட்டு. இறங்கும்போது இருவரும் டிக்கெட் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பார்கள். மறு வருஷம் பூஜையில் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த ரைபிளே இல்லை. அந்த இடத்தில் இன்ஸாஸ் ரைபிள் சாத்தியிருந்தது. பழையது எங்கே என்று கேட்டதற்கு, "மேல அனுப்பியாச்சு" என்றார் ரைட்டர். உத்தரப் பிரதேசப் போலீஸில் 2020 குடியரசு தின அணிவகுப்போடு .303க்கு மரியாதையாக விடை கொடுத்தார்கள் என்று படித்தபோது, இரண்டு பேரும் தனித்தனி ஊரில் இருந்து ஒரே மாதிரி பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

ஆயுத பூஜைக்கு அடுத்த விசேஷம் தேர்தல். அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். மில் குடும்பத்து .315, தோப்புக் காவலுக்கு வைத்த ஒற்றைக் குழல், 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்ததிலிருந்து சுவரில் தொங்குகிற தாத்தாவின் பர்மிங்ஹாம் இரட்டைக் குழல் எல்லாம் காரில், பைக்கில், துணியுறையில் ஊர்வலம் வரும். அண்ணாச்சி எதிர் டீக்கடையில் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். "யாரு வந்தா நாட்டுக்கு நல்லது அண்ணாச்சி?" என்று டீக்கடைக்காரர் கேட்டால், "யாரு வந்தாலும் சரி, அடிக்கடி வரணும்" என்பார்.

இவருக்கும் ஒரு கெட்ட கனவு உண்டு. இன்றைய பாகிஸ்தானின் கைபர் பக்கத்துப் பட்டறைகளில் கையாலேயே லீ-என்ஃபீல்டைச் செய்து, கிரீடமும் ஆண்டும் அப்படியே பொறித்துவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத கொல்லர் 'N' எழுத்தைத் திருப்பிப் போட்டிருப்பார். 1901லேயே கண்ணை மூடிவிட்ட விக்டோரியா மகாராணியின் முத்திரையை, அதற்குப் பிறகு வந்த மாடலில் குத்தியிருப்பார். எண் ஏதோ வாய்க்கு வந்தது. எண்ணே பொய் சொல்லும் ஓர் ஊர் உலகத்தில் இருக்கிறது என்பதை அண்ணாச்சியால் ஜீரணிக்க முடியவில்லை.

உண்மையான வயிற்றெரிச்சல் அமெரிக்காவைப் பற்றி. இஷாப்பூர் செய்த 2ஏ, 2ஏ1 ரைபிள்கள் கழிவாகக் கப்பலேறி, அங்கே கடையில் விற்று, வீட்டுக்கு வீடு சுவரில் மாட்டியிருக்கின்றன. டெக்சாஸ்காரர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுத்து, எண், ஆண்டு எல்லாம் பட்டியல் போடுகிறார். லீ-என்ஃபீல்டு பற்றித் தடித்தடியாக எழுதித் தள்ளிய இயன் ஸ்கென்னர்டன் ஆஸ்திரேலியாக்காரர். இந்தியத் தொழிலாளி செய்த பொருளின் கணக்கை இந்தியன் தெரிந்துகொள்ள, வெளிநாட்டுப் புத்தகத்தின் ஜெராக்ஸ் வேண்டியிருக்கிறது. அண்ணாச்சியைப் பைத்தியம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் பைத்தியத்தின் கட்சி.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேத்தூர், சிவகிரிப் பக்கம் பழைய வீட்டுப் பரணைச் சுத்தம் செய்கிறவர்கள், தாத்தா காலத்துத் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கியே கிடைத்தால் அண்ணாச்சியைக் கூப்பிட வேண்டாம்; லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நம்பரை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அவரிடம் சேர்த்துவிடுங்கள். 3ஆ 8ஆ என்று தெளிவாக எழுதுங்கள்.