காணிக்கைப் பைக்குத் தப்பும் வழி

வாலே பேராண்டி, திண்ணையில உக்காரு. மெட்ராஸ்ல உனக்குச் சம்பளம் கூடிட்டுன்னு ஆச்சி தெருப்பூரா சொல்லிட்டா. இப்ப உன் கவலை, தசமபாகத்தப் பிடித்தம் போறதுக்கு முன்னால கணக்குப் பாக்கணுமா, போன பொறவு பாக்கணுமான்னு. ஐயருகிட்ட கேட்டா முன்னாலன்னுதான் சொல்வாரு. என்கிட்டல்லா கேட்டிருக்க, தப்பிக்கிற வழியே சொல்லித்தாரேன்.

தசமபாகம் மோசேயோட சட்டம், நாம கிருபையின் காலத்துல இருக்கோம்னு ஒரு போடு போடு. எடுபடும். ஒரு சங்கடம்தான், மோசேக்கு ரொம்ப முன்னாலயே ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குப் பத்துல ஒண்ணு கொடுத்துட்டாரு. சரின்னு புதிய ஏற்பாட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சா, அங்க பவுல் உக்காந்திருக்காரு. பத்துங்கிற கணக்கையே அவரு சொல்லல. வாரத்தோட மொத நாள்ல அவனவன் வரவுக்குத் தக்க எடுத்து வைக்கணும்னு கொரிந்தியாருக்கு எழுதிட்டாரு. உனக்கு வரவு கூடிருக்கு. பத்தோட நின்னிருந்தா நீ பொழச்சிருப்ப.

போகட்டும். வலது கை கொடுக்கது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு இருக்குல்லா, அதக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. பை வரும்போது கையப் பொத்தி உள்ள விட்டு எடு. அஞ்சா, ஐநூறான்னு கோயில்குட்டிக்கே தெரியாது. நம்ம ஆளுக அந்த வசனத்தப் பைக்கு மட்டும்தான் வச்சிருக்கானுவ. அதுவே மண்டபத்துக்கு நன்கொடைன்னா, மூணு தலைமுறை பேரும் சலவைக்கல்லுல ஏறிரும். இடது கைக்கு மட்டுமில்ல, அடுத்த சேகரத்துக்கே தெரிஞ்சிரும்.

பொத்துனாலும் ஒண்ணு இருக்கு. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதுத்தாப்புல உக்காந்து, யாரு எப்படிப் போடுதான்னு பாத்துட்டுல்லா இருந்தாரு. நம்ம கணக்கரு கூட அப்படி முறைச்சுப் பாக்க மாட்டாரு. ரெண்டே காசு போட்ட ஏழை விதவைதான் எல்லாரையும் விடக் கூடப் போட்டவன்னு சொல்லிட்டாரு. மத்தவங்க மிச்சத்துலருந்து போட்டாங்களாம். அதனால உன் பேங்குப் புக்க மட்டும் அவரு கண்ணுல காட்டிராத.

கண்டக்டர் வாங்காத கிழிஞ்ச நோட்டெல்லாம் எங்க போயிச் சேருதுன்னு நெனக்க? காணிக்கைப் பைக்குள்ளதான். மல்கியா அப்பவே நொண்டி ஆட்டையும் குருட்டு ஆட்டையும் பலிக்கு ஓட்டிட்டு வந்தவங்கள, இத உங்க அதிபதிக்குக் கொண்டுபோயிக் கொடுத்துப் பாருங்கன்னு கேட்டாரு. அது மொத அதிகாரம். பிரசங்கத்துல எல்லாரும் நேரா மூணாம் அதிகாரத்துத் தசமபாகத்துலதான் போயி இறங்குதாங்க.

ஒண்ணு போட்டா நூறா வரும்னு டிவியில ஒருத்தரு சொன்னாராமே. அது காணிக்கை இல்லலே, சீட்டு. சீட்டுக் கம்பெனிக்காரனாவது ரசீது தருவான்.

ரசீதுன்னதும் ஞாபகம் வருது. கணக்குக் கேட்டா விசுவாசம் கொறஞ்சவன்னு எவனாவது சொன்னா, ரெண்டு ராஜாக்கள் 12ஆம் அதிகாரத்த எடுத்து நீட்டு. ஆலயம் பழுது பாக்காமலே கெடந்ததுன்னு ஆசாரியன் யோய்தா பெட்டி மூடியில தொளை போட்டு வச்சான். பெட்டி நெறஞ்சா ராஜாவோட சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேந்துதான் எண்ணணும். பவுல் கூட எருசலேம் ஏழைகளுக்குச் சேத்த தர்மத்தத் தனியாத் தூக்கிட்டுப் போகல, சபைகள் தெரிஞ்செடுத்த ஆளக் கூடவே வச்சுக்கிட்டாரு. அவருக்கே வேண்டியிருந்துச்சுன்னா, நம்ம கமிட்டிக்கு வேண்டாமா?

வெள்ளாளன்விளைக்காரரு அசரியாவும் கூட்டாளிகளும் 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கத்த ஆரம்பிச்சப்போ, நம்ம ஆளு, நம்ம துட்டு, நம்ம நிர்வாகம்னுதான் ஆரம்பிச்சாங்க. தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல் பக்கம் மிஷனெரிய அனுப்பினது அந்தத் துட்டுலதான். கொடுத்ததுல பாதிப்பேருக்குப் பிடித்தம்னா என்னன்னே தெரியாது. இன்னைக்கும் உங்க ஆச்சி கோயிலுக்குன்னு கலயத்துல ஒரு பிடி அரிசி போடுதா. முன்னாலயா பொறவான்னு யாருகிட்டயும் கேட்டதில்ல. ஒலையில அரிசி போடுததுக்கு முன்னாலயே அவ கை கலயத்துக்குப் போயிரும்.

பொருத்தனை பண்ணினா சுணங்காமச் செலுத்தணும்னு உபாகமத்துல இருக்கு. போன அறுப்பின் பண்டிகை ஏலத்துல, நாலு பேரு பாக்கட்டும்னு ஒரு சேவல மூவாயிரத்துக்குக் கேட்டியே, அந்தச் சேவலு கொழம்பாயி ஒரு வருஷமாச்சு. துட்டு இன்னும் வரலைன்னு கணக்கரு சொல்லுதாரு. பஸ் ஏறுததுக்கு முன்னால அதக் கட்டிட்டு, ரசீத வாங்கியாந்து என்கிட்ட காட்டு.