உச்சரிப்பு சார்

எங்கள் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். உங்கள் குடியிருப்பிலும் இருப்பார். பணி ஓய்வு, கக்கத்தில் இங்கிலீஷ் பேப்பர், பாம்புச் செவி. லிஃப்டில் வாய் தவறி, "பையன் ஃபோட்டோகிராஃபி கத்துக்கிறான்" என்றால் தொலைந்தோம்.

"ஃபோட்டோன்னா ஃபோ. ஆனா ஃபடாக்ரஃபின்னா வெறும் ஃப! அழுத்தம் இடம் மாறினா உயிர் போயிடும் சார்!"

பக்கத்தில் நின்ற பாட்டி பதறிப்போய், "மாத்திரை போட்டியாப்பா?" என்றார்.

1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த காக்ஸ்டன் மேல் அவருக்குப் பங்காளிக் கோபம். அச்சு வந்து இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனது. நெடில் ஓசைகளோ அதற்குப் பிறகும் இருநூறு வருஷம் ஊர்ந்துகொண்டே இருந்தன. இன்றைக்கு ஐந்து உயிரெழுத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இருபது உயிரோசைக்குக் குடித்தனம் நடத்துகிறார்கள். பன்னிரண்டு எழுத்து வைத்திருக்கும் நமக்கு இந்தக் கஷ்டம் புரியாது. 'பனானா'வில் மூன்று 'ஏ' உண்டு, நடுவிலிருப்பதற்குத்தான் மரியாதை. மற்ற இரண்டும் 'ஷ்வா', வாயைச் சும்மா விட்டால் தானாக வருகிற ஓசை. சாருக்கு வாயைச் சும்மா விட்டுப் பழக்கமில்லை.

வாட்ச்மேன், "கேட்டு பூட்டியாச்சு சார்" என்று சொன்னால், "கடைசியில எதுக்குய்யா அந்த 'உ'?" என்று பாய்வார். அந்த அரைகுறை உகரத்துக்குத்தான் தொல்காப்பியம் அரை மாத்திரை அளந்து கொடுத்திருக்கிறது. ஷ்வாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு வேலை இருக்கிறது.

போன வாரம் அவர் வீட்டு ஓவன் பழுது. நமக்குத்தான் அது ஓவன், அவருக்கு 'அவன்'. (அதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன்.) ரிப்பேர் கடைக்குப் போன் போட்டார்.

"அவன் சூடாகவே இல்லை."

"எவன் சார்?"

"அவன்தாம்பா! வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலை. கதவைத் திறந்தா உள்ளே லைட் எரியுது. ஆனா உடம்புல சூடே இல்லை!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவர் மனைவி போனை வாங்கி மறுபடி அடித்தார். "தம்பி, ஓவனு ரிப்பேரு."

நாலு மணிக்கு ஆள் வந்துவிட்டான்.