ஓடாத சைக்கிளுக்கு 18 சதவீதம்

அனுப்புநர்:
வீட்டிலேயே எடை தூக்க உத்தேசித்திருக்கும் குடும்பத் தலைவி,
சேவுகம்பட்டி பேரூராட்சி, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு ஜி.எஸ்.டி. மன்றத்தார்,
புது தில்லி.

பொருள்: வீட்டில் உடற்பயிற்சி செய்வோர் மீதான வரியைக் குறைக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் 56-வது கூட்டத்தின் முடிவுகள், நாள் 3.9.2025.

மதிப்பிற்குரிய மன்றத்தாரே,

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்தின் மீதான வரியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆக இறக்கினீர்கள். நாட்டு மக்கள் தொப்பை மீது தாங்கள் காட்டும் கரிசனத்துக்கு முதலில் நன்றி.

எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்; தமிழ்நாட்டில் 14.4. இந்த விஷயத்திலாவது தேசிய சராசரியை முந்தியிருக்கிறோம். "நடந்தா மட்டும் பத்தாதும்மா, வாரத்துக்கு ரெண்டு நாள் வெயிட்டும் தூக்கணும்" என்றார் டாக்டரம்மா. உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறதாம்.

ஜிம்முக்குப் போகலாமே என்பீர்கள். ஏசி போட்ட ஜிம் வேண்டுமென்றால் நான் வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏற வேண்டும். காலை ஆறு மணிக்கு ஜிம்மில் கூட்டம்; அதே ஆறு மணிக்கு என் அடுப்பிலும் கூட்டம். 2016-இல் மாநில அரசு 500 இடங்களில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அறிவித்தது. அது ஊராட்சிகளுக்கு. நாங்கள் பேரூராட்சி. கிராமத்துக்குக் கொடுக்கும்போது நாங்கள் டவுன், டவுனுக்குக் கொடுக்கும்போது கிராமம்.

ஆகவே வீட்டிலேயே இரண்டு டம்பெல், ஒரு பெஞ்ச், முடிந்தால் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கிப் போடுவதென்று தீர்மானித்தேன். தங்கள் மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு போதும். எங்கள் வீட்டில் ஏகமனதாக நிறைவேற வேண்டும். வீட்டுக்காரர் ஆதரித்தார், "இரும்பைத் தூக்குறதுக்கு அந்தக் குடத்தைத் தூக்கிட்டு வாயேன்" என்று மாமியார் எதிர்த்தார், நீண்ட விவாதத்துக்குப் பிறகு குடத்தையும் தூக்குவது என்ற திருத்தத்துடன் நிறைவேறியது. கடைக்குப் போய் விலை கேட்டேன். வரிக்கு முன் 12,000 ரூபாய் ஆகும் சாமானுக்கு வரி மட்டும் 2,160 ரூபாய். டம்பெல்லைத் தொடும் முன்பே வியர்த்துவிட்டது.

அன்றிலிருந்து தங்கள் வரிப் பட்டியலைப் பஞ்சாங்கம் போல வாசித்துவருகிறேன். அதில் கண்டவை பின்வருமாறு.

ரொட்டிக்கு 5, பரோட்டாவுக்கு 18 என்று 2020-இல் கர்நாடகத்து முன்தீர்ப்பு ஆணையம் சொன்னபோது நாடே சிரித்தது. அந்த அநீதியைத் துடைத்துவிட்டீர்கள். பாக்கெட் பரோட்டாவுக்கு இப்போது வரியே இல்லை. ஐஸ்கிரீம், சாக்லேட், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5. நெய், வெண்ணெய், மிக்சர் 12-லிருந்து 5. இவற்றைச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டருக்கும் அதன் ஸ்ட்ரிப்புக்கும் 5. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் வரி அறவே இல்லை. ஆக, சாப்பிட ஊக்கம் உண்டு. நோய் வந்தால் ஆறுதல் உண்டு. போய்ச் சேர்ந்தாலும் குடும்பத்துக்கு வழி உண்டு. நடுவில் தப்பிக்கப் பார்க்கிறவருக்கு மட்டும் 18.

சைக்கிளுக்கு வருகிறேன். ரோட்டில் ஓடுகிற சைக்கிளுக்கு 12-லிருந்து 5 ஆக்கினீர்கள். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளுக்கு 18. ஓடாமல் நிற்பதற்கு 13 சதவீதம் அபராதமா? கிரிக்கெட் மட்டைக்கு 5. விளையாட்டுச் சாமான்களுக்கு 5 என்று எழுதிய தங்கள் அதிகாரிகள், பொது உடற்பயிற்சிக்கான சாதனங்கள் நீங்கலாக என்று மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். சிக்ஸர் அடித்துப் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தால் விளையாட்டு. கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எடை தூக்கினால் ஆடம்பரம். பெரிய டிவியும் ஏசியும் 28-லிருந்து 18-க்கு இறங்கி வந்து எங்கள் டம்பெல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சோபாவில் படுத்து ஏசிக் காற்றில் சீரியல் பார்ப்பதும் எடை தூக்கும் பெஞ்சில் படுத்து மூச்சு வாங்குவதும் தங்கள் கணக்கில் ஒரே சுகம்.

பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையில் எங்களுக்கு 28 சதவீதம் போட்டீர்கள். நவம்பரில் குவாஹாட்டியில் கூடி 18 ஆக்கினீர்கள். அன்றைய பட்டியலில் உடற்பயிற்சிக் கருவிகளோடு ஒரே வரியில் இருந்தவை: திருவிழாச் சாமான்கள், ஊஞ்சல், ராட்டினம், துப்பாக்கி சுடும் கடை. சித்திரைத் திருவிழாவில் பலூன் சுடுகிறவரும் சர்க்கரைக்காக எடை தூக்குகிறவரும் ஒரே இனம் என்று தங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஜிம்காரர்களுக்காவது நல்லது நடந்ததா என்று பார்த்தால் அதிலும் சூட்சுமம். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் உள்ள சின்ன ஜிம் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. பேரூர்களில் மாடியறையில் நடக்கும் ஜிம்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அங்கே கட்டணத்தில் வரியே இல்லாதபோது எதைக் குறைப்பது? வரி கட்டும் பெரிய ஜிம்முக்கோ உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் 5 ஆக்கினீர்கள். அவர் டிரெட்மில்லுக்குக் கட்டிய 18 அவர் தலையிலேயே நிற்கும். வாசலில் 5 என்று போர்டு வைத்து, கொல்லைப்புறத்தில் 18 வாங்குகிறீர்கள்.

வரிக்குப் பயந்து உள்ளூர்த் தயாரிப்பில் இறங்கினோம். என் அண்ணன் மகன் இரண்டு காலி பெயிண்ட் வாளியை எடுத்து, நடுவில் இரும்புப் பைப்பைச் செருகி, ஜல்லியும் சிமெண்டும் குழைத்து ஊற்றினான். முதல் வாளி இறுகியதும் தலைகீழாகத் திருப்பி இரண்டாவதை ஊற்றி, ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் தெளித்து வைத்தான். பைப் கொஞ்சம் சரிந்து இறுகிவிட்டது. இப்போது தூக்கினால் இடது பக்கம் தாழ்கிறது. எனக்கு ஒரு தோள் மட்டும் பயில்வான் ஆகிக்கொண்டிருக்கிறது. அந்த சிமெண்டுக்கும் 18, பைப்புக்கும் 18 என்பதைப் பிறகுதான் பார்த்தேன். மணல் நிரப்பியிருந்தால் 5-இல் முடிந்திருக்கும். ஆனால் மருதாநதியில் ஒரு சட்டி அள்ளினால் வேறொரு துறை தேடி வரும்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு தகவல். சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறைவிடுவார்கள். ஆண்கள் கூடை கூடையாகப் பழம் சுமந்து வந்து வீச, ஊரே எம்பிக் குதித்துப் பிடிக்கும். தோள், முதுகு, தொடை, எல்லாவற்றுக்கும் பயிற்சி. வாழைப்பழத்துக்கு வரியும் இல்லை. வருஷத்துக்கு ஒருநாள்தான் என்பதும், பிடித்த பழத்தைச் சாப்பிட எனக்கு அனுமதி இல்லை என்பதும்தான் குறை.

தங்கள் தரப்பு நியாயத்தையும் யோசித்தேன். வீட்டில் வாங்கிப் போடும் டிரெட்மில் மூன்றாம் மாதம் துணி காயப்போடும் கொடியாகிவிடும், அதற்கு எதற்குச் சலுகை என்று தாங்கள் நினைக்கலாம். அதில் காயும் சேலைக்கு 5 சதவீதம்தானே? கொடிக்கு மட்டும் ஏன் 18? தவிர, ஜனவரியில் சந்தா கட்டிவிட்டு பிப்ரவரியில் ஜிம் பக்கமே போகாதவர்களுக்குத் தாங்கள் 5 சதவீதம்தான் போடுகிறீர்கள். சோம்பலிலும் வீட்டுச் சோம்பல், வெளிச் சோம்பல் என்று பாகுபாடு வேண்டாம். 2020 ஊரடங்கில் ஜிம்களைப் பூட்டிவிட்டு, வீட்டிலேயே இருங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அரசாங்கம்தான். நாங்கள் இன்னும் சொன்னபடி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. டம்பெல், பெஞ்ச், நிற்கும் சைக்கிள் முதலியவற்றை ராட்டினத்திடமிருந்து பிரித்து, கிரிக்கெட் மட்டை பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

2. அது முடியாதென்றால், நிற்கும் சைக்கிளில் பெல்லும் கேரியரும் வைத்துக்கொள்கிறோம். சைக்கிள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

3. கர்லாக்கட்டை மரச்சாமானா, உடற்பயிற்சிச் சாதனமா என்று தெளிவுரை வழங்க வேண்டும். இளவட்டக்கல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதைத் தாங்களும் கண்டுகொள்ள வேண்டாம்.

4. மேற்கண்ட எதுவும் இயலாத பட்சத்தில், டம்பெல்லைப் பரோட்டா என்று வகைப்படுத்தினாலும் ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இடது தோள் மட்டும் வலுத்த குடிமகள்.

இணைப்பு: சர்க்கரைப் பரிசோதனை ரிப்போர்ட் நகல் 1, கடை விலைப்பட்டியல் நகல் 1. சிமெண்ட் டம்பெல்லை நேரில் ஆய்வுக்குக் கொண்டுவரத் தயார். தில்லி வரை தூக்கி வர ஆள் மட்டும் அனுப்பவும்.