சக்கைக்குள்ளும் சர்க்கரை! – கேள்வி பதில்

டீக்குப் போடுகிற சர்க்கரையே விலை ஏறிக் கிடக்கிறது. அதில் ரசாயனம் வேறு செய்ய வேண்டுமா?
*– அல்சூர் வாசகி*

உங்கள் டம்ளரில் யாரும் கை வைக்க மாட்டார்கள். விஞ்ஞானிகளின் கண் கரும்புச் சக்கை, வைக்கோல், சோளத்தட்டை மேல்தான். செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற பெயரில் அதற்குள்ளும் சர்க்கரைதான் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கிறது. நம் வயிறு அதை உடைக்காது, அமிலம் உடைக்கும்.

உடைத்து என்ன செய்வார்கள்?
*– மல்லேஸ்வரம் வாசகர்*

குளுக்கோஸில் ஹைட்ரஜன் சேர்த்தால் சார்பிட்டால்; காலையில் அதைப் பற்பசையில் சேர்த்துத் தேய்த்திருப்பீர்கள். சைலோஸ் என்ற சர்க்கரையிலிருந்து ஃபர்ஃப்யூரால், அதன் வழிவந்த பிசின்தான் ஃபவுண்டரிகளில் மணல் அச்சை இறுக்கிப் பிடிக்கிறது. புது விஷயமும் இல்லை. 1922-லேயே அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃப்யூரால் எடுத்து விற்றது. ஃபிரக்டோஸ் தருவது ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃப்யூரால், சுருக்கமாக எச்.எம்.எஃப். அதிலிருந்து பிளாஸ்டிக் பாட்டில் வரை போகலாம்.

நூறு கிலோ ஃபிரக்டோஸ் போட்டால் நூறு கிலோ எச்.எம்.எஃப். கிடைக்குமா?
*– ஓசூர் வாசகர்*

எழுபது கிலோ. அதுவும் காகிதத்தில். ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று தண்ணீரைக் கழற்றிவிட்டுத்தான் எச்.எம்.எஃப். ஆகிறது. மீதி முப்பது கிலோ வெறும் தண்ணீர்.

சர்க்கரையை இப்படி மாற்றக் கந்தக அமிலமே போதுமே, அது மலிவுதானே, புது வினையூக்கி எதற்கு?
*– ஜெயநகர் வாசகர்*

வினையூக்கி கல்யாணத் தரகர் மாதிரி. ஜோடி சேர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். கந்தக அமிலம் பந்தியிலேயே உட்கார்ந்துவிடும். கலவையோடு கலந்துவிட்ட அதைச் சுண்ணாம்பு போட்டு முறித்தால் ஜிப்சம் குவியும். பாத்திரத்தையும் அரிக்கும். சியோலைட், சல்ஃபோனிக் அமிலத் தொகுதி ஏற்றிய கரி போன்ற திட அமிலங்களை வடிகட்டி மறுபடி போடலாம். தேவனஹள்ளிப் பக்கம் பிதலூரில் இருக்கும் பூர்ணபிரக்ஞ அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் இத்தகைய திட வினையூக்கி ஆராய்ச்சி நடக்கிறது.

வினையூக்கி சரி, கரைப்பானில் என்ன சிக்கல்?
*– ஜக்கூர் மாணவி*

அசல் தலைவலியே அங்கேதான். தண்ணீரில் விட்டால் எச்.எம்.எஃப். மறுபடி தண்ணீரைப் பிடித்து லெவுலினிக் அமிலமாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் பிரியும். சர்க்கரையோடு ஒட்டிக் கறுப்புப் பிசினாகவும் கெடும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு (டி.எம்.எஸ்.ஓ.) என்ற கரைப்பானில் நன்றாக விளையும். ஆனால் அது கொதிப்பது 189 டிகிரியில். அதைக் காய்ச்சிப் பிரிப்பதற்குள் சரக்கு கருகிவிடும். அதனால் இரண்டடுக்கு ஏற்பாடு. கீழே தண்ணீர், மேலே 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃப்யூரான். விளைந்த எச்.எம்.எஃப்.பின் பெரும்பங்கு மேலே ஏறித் தப்பிக்கும். மேலே இருப்பது 80 டிகிரியில் கொதிப்பதால் பிரிப்பதும் சுலபம். அந்தக் கரைப்பானை ஃபர்ஃப்யூராலிலிருந்தே செய்யலாம் என்பது கூடுதல் லாபம்.

எச்.எம்.எஃப். வீட்டிலேயே கிடைக்குமா?
*– இந்திராநகர் வாசகி*

தேனைச் சூடாக்கிப் பாருங்கள், உண்டாகும். அதனால்தான் கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்பநாட்டுத் தேனுக்கு 80 என்று கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது.

மண்டியா கரும்புச் சக்கையெல்லாம் வீணாகத்தானே போகிறது?
*– கெங்கேரி வாசகர்*

யார் சொன்னது? டன் கரும்புக்கு 250 முதல் 300 கிலோ ஈரச் சக்கை வரும். ஆலைகள் அதைப் பாய்லரில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கின்றன. அந்த வருமானத்தை மிஞ்சினால்தான் ரசாயனத்துக்குச் சக்கை கிடைக்கும்.

அப்படியானால் இது ஆய்வகத்தோடு முடிகிற கதையா?
*– பெல்லந்தூர் வாசகர்*

இல்லை. உத்தராகண்ட் காசிப்பூரில் இந்தியா கிளைகால்ஸ் நிறுவனம் கழிவுப்பாகு எத்தனாலிலிருந்து எத்திலீன் கிளைகால் தயாரித்திருக்கிறது. ஆனால் ‘பசுமை’ என்று யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வினையூக்கி எத்தனை முறை திரும்ப உழைக்கும்? கரைப்பானில் எவ்வளவு திரும்பக் கைக்கு வரும்? பதில் இல்லையென்றால், பச்சையாக இருப்பது லேபிள் மட்டும்தான்.